வழிநூலும் வழிப்படமும்: 'நாயகன்' பெற்ற மதிப்புரைகள்

ஒரு நூலையோ, நாடகத்தையோ, படக்காட்சியையோ பற்றி மதிப்புரை கூறப் புகுவோர், அதன் குணங்குற்றங்களை ஆராயுமுன்னரே, "இஃது இன்ன படத்தின் பிரதி" என்று ஒரு சொல்லால் தீர்ப்புக் கூறிவிடுதல் இந்நாளிற் பெருவழக்காயிற்று. அத்தீர்ப்புக் கூறுதல் எளிது. கூறியவர் பலவற்றைக் கண்டறிந்தவர் என்னும் மதிப்பையும் அவருக்குத் தருவது. ஆயினும், பிரதி என்பது யாது, தழுவல் என்பது யாது, வழிவந்தது என்பது யாது என்று அவரை உசாவின், பெரும்பாலார் விடை கூறார். இக்குழப்பத்தை நீக்குதற்கு உதவும் சான்றாக, 1987-ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாயகன்' என்னும் தமிழ்ப் படத்தையும், அது பெற்றுவந்துள்ள மதிப்புரைகளையும் ஈண்டு ஆராயக் கருதுகின்றோம். அப்படம் ஒருபால் உலகின் சிறந்த படங்களுள் ஒன்றென எண்ணப்பட்டது; மற்றொருபால் அமெரிக்கப் படமொன்றின் நிழலென இகழப்பட்டது. இவ்விரு தீர்ப்பும் ஒரே படத்தைப் பற்றியன ஆதலின், இவற்றைச் சீர்தூக்குதல் மாணவர்க்கு நற்பயிற்சியாகும். உளுந்தூர்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நமக்கோ, இது கலையாராய்ச்சி மட்டுமன்று. நம் மாவட்டத்தின் துயரொன்றோடு தொடர்புடையதுமாம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண், தமிழிலக்கண நூலார் இப்பொருளைப் பற்றி யாது கருதினர் என்று காண்போம். தொல்காப்பியனாரும், நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவரும், ஒரு நூல் மற்றொரு நூலினின்று பிறத்தலைக் குற்றமெனக் கூறிற்றிலர். நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனப் பவணந்தியார் மூவகையாக வகுத்தார். வழிநூலாவது முதல்நூலோடு பெரும்பாலும் ஒத்து நின்று, ஆசிரியன் வேண்டும் வேறுபாடுகளைத் தக்க காரணத்தோடு அமைத்துக்கொள்வது. சார்புநூலாவது முன்னைய நூல்களோடு ஒருசார் ஒத்துப் பெரிதும் வேறுபடுவது. தொல்காப்பியனாரோ, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வழிநூல் நால்வகைப்படும் என்றார். ஆகவே பிறர் பொருளை எடுத்தாளுதல் என்பது பழந்தமிழ் மரபில் ஒளித்துச் செய்யும் செயலன்று. பெயரும் இலக்கணமும் பெற்றதொரு முறையேயாம்.

ஆயினும் இம்மரபு ஒரு கட்டளையையும் உடன் வைத்தது. நூலின் முகப்பில் நிற்கும் சிறப்புப்பாயிரத்திற் கூறவேண்டுவன எட்டு என நன்னூல் வகுக்கின்றது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. ஆக்கியோன் பெயரை அடுத்து இரண்டாவதாக 'வழி' வைக்கப்பட்டுள்ளமையை நோக்குக. இந்நூல் எதன் வழியாக வந்தது என்பதை வாயிலிலேயே கூறிவிடல் வேண்டும் என்பதே கருத்து. கம்பர் தம் பாயிரத்தில், வடமொழியில் இராமகதை செய்தவர் மூவர் என்றும், அவருள் முன்னவராகிய வான்மீகியார் உரைத்த வழியே தாம் செல்வதாகவும் கூறினார். அதனால் அவர் புகழ் குறைந்ததில்லை. சுந்தரம் பிள்ளையவர்கள் 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' ஆங்கிலப் புலவர் லிட்டன் எழுதிய கதையொன்றினின்று கிளைத்தது. எச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்கள் 1894-இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்', ஜான் பனியனின் மோட்சப் பயண உருவகக் கதையைத் தமிழ்க் காப்பிய உருவில் விரித்தது. இவற்றை எவரும் திருட்டென்று கூறார்.

இனி, இம்மரபு பிறழ்ந்த காலமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோர் ஆங்கில நாவல்களைத் தழுவித் துப்பறியும் கதைகளைப் பல்கப் படைத்தனர். இலண்டன் மாநகர் சென்னையாயிற்று. ஆங்கிலப் பிரபு ஜமீன்தாராயினர். 1930-களில் புதுமைப்பித்தன் இவ்வகைத் தழுவலை வன்மையாகக் கண்டித்தார். அயல்நாட்டுக் கதையை நமக்குத் தெரிவிக்க வேண்டுமாயின் மொழிபெயர்த்துத் தருக. பெயரையும் உடையையும் மாற்றி நம்முடையதெனக் காட்டற்க என்பதே அவர் கட்சியின் சாரம். மொழிபெயர்ப்பு அயலானை அயலானாகவே நம் திண்ணையில் அமர்த்துகின்றது. தழுவலோ அவனுக்கு வேட்டி உடுத்தி நம் உறவினன் என்கின்றது. திரைப்படத்தைப் பற்றி இன்று நிகழும் வாதத்தின் வேர் இவ்விலக்கிய வாதத்திலேயே உள்ளது.

நிற்க. 'நாயகன்' எதன் வழிவந்தது எனக் கூறப்படுகின்றதோ அப்படத்தைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். மாரியோ பூஸோ என்பார் 1969-இல் 'தி காட்பாதர்' என்னும் நாவலை எழுதினார். அதனைப் பிரான்சிஸ் போர்டு கொப்போலா 1972-இற் படமாக்கினார். 1974-இல் இரண்டாம் பாகமும் வெளிவந்தது. காட்பாதர் எனின், ஞானஸ்நானம் பெறும் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தந்தை என்பது பொருள். சிசிலித் தீவிலே தந்தையும் தமையனும் தாயும் கொலையுண்ணத் தப்பியோடி, நியூயார்க்கு நகரை அடைந்த ஒரு சிறுவன், காலப்போக்கிற் குற்றக் கூட்டத்தின் தலைவனாகித் தன் இனத்தார்க்குப் புகலிடமாகின்றான். முறையீடு கொண்டு வருவோர்க்கு அவன் நீதி வழங்குகின்றான். அந்நீதி துப்பாக்கியால் நடப்பது. அவன் மகன் மைக்கேல் அத்தொழிலை வெறுத்தவனாயினும் ஈற்றில் அதற்கே வாரிசாகின்றான். மைக்கேல் தன் மருமகப் பிள்ளைக்கு ஞானத்தந்தையாய்த் தேவாலயத்திற் பிசாசைத் துறப்பதாக வாக்களிக்கும் காட்சியும், அவன் ஏவலால் பகைவர் கொலையுண்ணும் காட்சிகளும் மாறிமாறிக் காட்டப்படும் பகுதி உலகப் புகழ் பெற்றது.

இப்படமும் வெற்றிடத்தினின்று தோன்றியதன்று. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அக்காலத்திற் கள்ளமது விற்ற கூட்டங்கள் செழித்தன. அல் கபோன் போன்றோர் பேரும் பொருளும் பெற்றனர். அவர்தம் வாழ்வை அடியொற்றி 'லிட்டில் சீசர்', 'தி பப்ளிக் எனிமி' என்னும் படங்கள் 1931-இலும், 'ஸ்கார்பேஸ்' 1932-இலும் வெளிவந்தன. தாழ்ந்த நிலையிற் பிறந்தவன் குற்றத்தால் உயர்ந்து, குற்றத்தாலேயே வீழ்தல் என்னும் சட்டகம் அப்பொழுதே உறுதிப்பட்டுவிட்டது. கொப்போலா அதனுள் குடும்பம் என்னும் உயிரைப் புகுத்தினார்.

இப்பொழுது நம் நாட்டை நோக்குவோம். பம்பாயில் 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அமெரிக்காவில் நிகழ்ந்தது அங்கும் நிகழ்ந்தது. தூத்துக்குடியிற் பிறந்து, பம்பாய் விக்டோரியா டெர்மினஸ் புகைவண்டி நிலையத்திற் கூலியாகச் சுமை தூக்கிய வரதராஜ முதலியார் என்பார், கள்ளச்சாராயத் தொழிலில் இறங்கிப் பின் கடத்தலிலும் கைவைத்து, தாராவி, மாதுங்காப் பகுதிகளிற் பெருஞ்செல்வாக்கு எய்தினார். அவ்விடங்களில் வாழ்ந்த தமிழ் மக்கள் பலர், காவல் நிலையத்திற்குச் செல்வதினும் அவரிடம் செல்லுதலையே எளிதாகக் கருதினர். 1966-இற் சிவசேனை தோன்றித் தென்னாட்டார்க்கு எதிராகக் கிளர்ச்சி செய்த காலத்தில், மொழியறியாத ஏழைத் தமிழர்க்கு அத்தகைய ஒருவர் வேண்டியிருந்தார் போலும். அவர் 1988-ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் சென்னையில் இறந்தார். மணிரத்னம் பம்பாயில் மேற்கல்வி பயின்ற காலத்தில் இவரைப் பற்றிக் கேட்டறிந்தவையே 'நாயகன்' கதைக்கு வித்தாயின.

இவ்விடத்து ஓர் உண்மையை மாணவர் குறித்துக்கொள்ளல் வேண்டும். இரண்டு கதைகள் தம்முள் ஒத்திருத்தல் இருவகையால் நேரும். ஒன்று, பின்னது முன்னதைப் பார்த்து எழுதப்படுதல். மற்றொன்று, இரண்டிற்கும் காரணமான உலகியல் ஒத்திருத்தல். ஓரிடத்தே மதுவிலக்கும், பிழைப்பு நாடி வந்த அயலாரும், இலஞ்சம் வாங்கும் காவலரும் ஒருங்கு சேர்வராயின், அவ்விடம் நியூயார்க்காயினும் தாராவியாயினும், வீட்டோவோ வரதராஜரோ தோன்றுவர். ஆகவே ஒப்புமை கண்டவிடத்தெல்லாம் பிரதியென்று துணிதல் தகாது. பிரதியென்பதற்குச் சான்று கதையின் பெருவடிவில் அன்று. காட்சிகளின் அமைப்பிலேயே தேடத்தக்கது.

அங்ஙனம் தேடின், 'நாயகன்' காட்பாதருக்குக் கடன்பட்டுள்ளமை மறுக்கவொண்ணாதது. சிறுவன் தந்தையைப் பறிகொடுத்துத் தொலைநகர்க்கு ஓடுதல் இரண்டிலும் உண்டு. தன் மகளைக் கெடுத்தோர்க்குச் சட்டத்தாற் தண்டனை பெற்றுத்தர இயலாத தந்தையொருவன் தலைவனிடம் வந்து முறையிடுதல் இரண்டிலும் உண்டு. சடங்கும் கொலையும் மாறிமாறி வருதல் இரண்டிலும் உண்டு. இறந்த மகனின் உடலைக் கண்டு தந்தை கதறும் காட்சியிலும் முன்னைய படத்தின் சாயல் தெளிவாகவே விழுகின்றது. மங்கிய பொன்னொளியும் ஆழ்ந்த நிழலும் கலந்த ஒளிப்பதிவு முறையும் அமெரிக்கப் படத்தை நினைவூட்டுவதே. இவற்றைச் சுட்டிக்காட்டிய மதிப்புரையாளர் பொய் கூறினார் அல்லர்.

இனி வேறுபாடுகளை நோக்குக. அமெரிக்கப் படத்திற் சிறுவனின் தந்தையைக் கொன்றவன் ஊர்க் கூட்டத்தலைவன். தமிழ்ப் படத்திற் கொன்றவர் காவலர். அச்சிறுவனின் தந்தை தொழிற்சங்கத் தலைவர். மகனைத் தந்திரமாய் விடுவித்து, அவன் பின்னே சென்று தந்தையைச் சுட்டனர். ஆதலின் வேலு நாயக்கர் சட்டத்தின்மேற் கொண்ட பகை, குடிப்பகையன்று. அரசின்மேற் கொண்ட நம்பிக்கையிழப்பு. பின்னர், தம்மை வளர்த்தவரைக் காவற்கூடத்திற் கொன்ற கேல்கர் என்னும் அதிகாரியை வேலு கொல்கின்றார். அவ்வதிகாரிக்கு அறிவுவளர்ச்சியற்ற ஒரு மகன் உண்டென அறிந்து, அக்குடும்பத்தைத் தாமே காப்பாற்றுகின்றார். ஈற்றில், சான்றின்மையால் நீதிமன்றம் விடுவித்த வேலுவை, அம்மகனே தந்தையின் உடையணிந்து வந்து சுட்டு வீழ்த்துகின்றான். இம்முடிவிற்குக் காட்பாதரில் இணையில்லை. அப்படத்தில் முதியவர் தம் தோட்டத்திற் பேரனோடு விளையாடிக்கொண்டே அமைதியாக உயிர் துறக்கின்றார்; அதிகாரம் மகனிடம் செல்கின்றது. தமிழ்ப் படத்திலோ மகன் இறந்தொழிகின்றான், மகள் தந்தையை வெறுத்து வெளியேறிக் காவல் அதிகாரியை மணக்கின்றாள், வாரிசென எவருமில்லை. பேரன் தாத்தாவை நோக்கி, அவர் நல்லவரா தீயவரா என வினவுகின்றான். அவர் தெரியவில்லை என்கின்றார்.

அமெரிக்கப் படம் அதிகாரம் எங்ஙனம் கைமாறுகின்றது என்பதை ஆராய்கின்றது. தமிழ்ப் படம் செய்த வினை எங்ஙனம் செய்தவனையே தேடி வருகின்றது என்பதைக் காட்டுகின்றது. முன்னதன் உட்பொருள் குலம். பின்னதன் உட்பொருள் ஊழ். சிலப்பதிகாரத்தைப் பயின்ற தமிழர்க்கு இவ்வேறுபாடு எளிதிற் புலப்படும். பவணந்தியார் கூறிய இலக்கணப்படி நோக்கின், 'நாயகன்' பிரதியன்று, மொழிபெயர்ப்புமன்று. சில காட்சிகளில் வழிநூலாகவும், முழுமையிற் சார்புநூலாகவும் நிற்பது என்பதே எம் துணிபு.

இப்படம் வெளிவந்தபின் பெற்ற வரவேற்பை இனிச் சுருக்கிக் கூறுவோம். 1987-ஆம் ஆண்டுத் தீபாவளியை ஒட்டி இது வெளிவந்தது. இளையராஜா இசையமைத்தார், பாலகுமாரன் உரையாடல் எழுதினார். சிறந்த நடிகர்க்கான தேசிய விருது கமல்ஹாசனுக்கும், ஒளிப்பதிவிற்கான விருது பி. சி. ஸ்ரீராமுக்கும், கலையமைப்பிற்கான விருது தோட்டா தரணிக்கும் வழங்கப்பட்டன. சென்னையிலேயே தாராவியின் சந்துகளை எழுப்பிக் காட்டிய தரணியின் திறம் அந்நாளிற் பெரிதும் வியக்கப்பட்டது. அயல்மொழிப் படங்களுக்கான ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பாக இப்படமே அனுப்பப்பட்டது. ஆயினும் இறுதிப் பட்டியலில் இடம் பெறவில்லை. 1988-இற் பிரோஸ் கான் இதனைத் 'தயாவான்' எனும் பெயரால் இந்தியில் எடுத்தார். அவரே 1975-இற் காட்பாதரைத் தழுவித் 'தர்மாத்மா' என்னும் படத்தை எடுத்தவர் என்பது கருதத்தக்கது. முதற்படத்தினின்றும் ஒன்று செய்தார்; வழிப்படத்தினின்றும் ஒன்று செய்தார். இரண்டும் ஒன்றேயாயின் அங்ஙனம் இருமுறை செய்தற்கு இடமேது?

2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'டைம்' பத்திரிகை, ரிச்சர்டு கார்லிஸ், ரிச்சர்டு ஷிக்கெல் என்னும் இரு மதிப்புரையாளரைக் கொண்டு, உலகின் தலைசிறந்த நூறு படங்களின் பட்டியலொன்றை வெளியிட்டது. அதிற் சத்தியஜித் ராயின் அப்பு முப்படங்களும், குரு தத்தின் 'பியாசா'வும், 'நாயக'னும் இடம் பெற்றன. காட்பாதரும் அப்பட்டியலில் உண்டு. ஒரு பட்டியலில் மூலமும் வழியும் அருகருகே நிற்றற்கு அம்மதிப்புரையாளர் இடையூறொன்றும் கண்டிலர். 2002-இல் லலிதா கோபாலன் இந்தியப் படங்களைப் பற்றி ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலிலும் இப்படம் தனியே ஆராயப்பட்டுள்ளது. நம் நாட்டுப் படங்களிற் பாட்டும் ஆடலும் இடைவேளையும் கதையை இடையிட்டு நிறுத்தும் முறை, அயல்நாட்டுப் பட வகையை எங்ஙனம் புதிதாக்குகின்றது என்பதே அந்நூலின் ஆராய்ச்சிப் பொருள். இஃது ஒரு நல்ல நெறி. எடுத்ததை எண்ணுவதோடு நில்லாது, எடுத்ததை என் செய்தனர் என்று வினவுவது அது.

இங்ஙனம் புகழ்ந்தோர்க்கு எதிராக இகழ்ந்தோர் கூறிய குறைகளுள் வலியுடையது ஒன்றுண்டு. அது 'வழி' கூறாமை. ராம் கோபால் வர்மா 2005-இல் எடுத்த 'சர்க்கார்' என்னும் இந்திப் படத்தின் தொடக்கத்திலேயே, காட்பாதரால் தாம் ஆட்கொள்ளப்பட்டதையும், தம் படம் அதற்குச் செலுத்தும் காணிக்கை என்பதையும் எழுத்திற் பொறித்தார். 'நாயக'னின் முகப்பில் அத்தகைய பாயிரம் இல்லை. எடுத்துக்கொண்டமை குற்றமன்று, எடுத்துக்கொண்டமையைக் கூறாமையே குறை. கூறியிருப்பின், பிரதியென்னும் பழிச்சொல்லுக்கு இடமே இராது. காண்போரும் ஒப்புமையை எண்ணுதலை விடுத்து வேற்றுமையை எண்ணியிருப்பர். நன்னூலார் 'வழி'யை இரண்டாம் இடத்தில் வைத்ததன் பயன் இதனாற் புலனாகும்.

பின்வந்த படங்கள் இவ்வாதத்தை மேலும் விளக்குகின்றன. 1992-இல் வெளிவந்த 'தேவர் மகன்' காட்பாதரின் உட்பொருளையே, அதாவது தந்தையின் பொறுப்பை விரும்பாத மகன் ஏற்கும் நிலையையே, தென்னாட்டுச் சிற்றூரில் நாட்டியது. 1995-இல் வெளிவந்த 'பாட்ஷா', 1991-இல் வந்த 'ஹம்' என்னும் இந்திப் படத்திற்குக் கடன்பட்டது. எனினும் மூலம் மறக்கப்படத் தான் நிலைபெற்றது. இவையெல்லாம் எடுத்ததைத் தம்முடையதாக்கியவை. இதற்கு மறுதலையான சான்று 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த 'தக் லைப்' ஆகும். மணிரத்னமும் கமல்ஹாசனும் முப்பத்தெட்டாண்டுகட்குப் பின் மீண்டும் கூடிச் செய்த படம் ஆதலின் நாடெங்கும் எதிர்பார்ப்பு மிக்கிருந்தது. தலைமகனுக்குச் சக்திவேல் நாயக்கர் என்றே பெயரிட்டு, பழைய படத்தை நினைவூட்டினர். நடிப்பையும் தொழில் நேர்த்தியையும் பாராட்டிய மதிப்புரையாளர் பலர், கதை முன்னரே கண்டதென்றும், பிற்பகுதி தளர்ந்ததென்றும் எழுதினர், படம் தோல்வியுற்றது. நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் 'கூறியது கூறல்', 'சென்று தேய்ந்திறுதல்' என்னும் இரண்டே இம்மதிப்புரைகளின் சாரமாம். பிறர் படத்தினின்று கொண்டபொழுது புதியது பிறந்தது. தம் படத்தினின்றே கொண்டபொழுது பழையது தேய்ந்தது. ஆகவே கடன் யாரிடம் பெற்றது என்பதினும், பெற்ற பொருளைக்கொண்டு யாது விளைத்தனர் என்பதே தலையாய வினா.

இதுகாறும் கூறியவை கலையைப் பற்றியன. இனி அறத்தைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். கடத்தற்காரனை ஏழை பங்காளனாகக் காட்டி, அவன்மேல் இரக்கம் பிறப்பித்தல் தகுமோ என்று அப்படத்தின்மேற் சிலர் வினவினர். வேலு நாயக்கர் கள்ளமது விற்பதைப் படம் விரித்துக் காட்டிற்றில்லை. கடற்கரையிற் சரக்கு இறக்குவதையே காட்டிற்று. அவர்க்கு மாதிரியாய் நின்றவர் வாழ்விலோ சாராயமே முதற்படி. இவ்விடத்தில் நம் மாவட்டத்தார் வாளாவிருத்தல் இயலாது. கல்வராயன் மலையிற் காய்ச்சப்பெறும் சாராயத்தைப் பற்றி இப்பக்கத்தார் அறியாதது ஒன்றுமில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலார் அன்றன்று உழைத்து உண்ணும் கூலியாளர். மெத்தனால் உடலினுட் புகுந்து பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பை முதலிற் கெடுக்கும். பின் உயிரைக் கொள்ளும். தாயையும் தந்தையையும் ஒருங்கிழந்த சிறாரும் அவ்வூரில் உளர். திரையிற் கடத்தற்காரன் ஏழைக்கு மருந்து வாங்கிக் கொடுக்கின்றான். மண்ணில் அவன் தொழில் ஏழைக்கு நஞ்சு வார்க்கின்றது.

அங்ஙனமாயின் அப்படம் விலக்கத்தக்கதோ எனின், அன்று. அப்படமே தன் தலைவனுக்கு எதிராகச் சான்று கூறுகின்றது. மகள் சாருமதி தந்தையின் எதிரே நின்று, பிறரை அடிக்கவும் கொல்லவும் அவர்க்கு உரிமை தந்தவர் யார் என்னும் பொருள்பட வாதிடும் பகுதியை ஊன்றி நோக்கின், மதிப்புரையாளர் கேட்ட வினாவைப் படமே முன்னர்க் கேட்டுவிட்டமை விளங்கும். அவள் வினாவிற்குத் தந்தையால் நேரிய விடை கூற முடிந்ததில்லை. விவிலியத்தில் வரும் சகேயுவின் வரலாற்றை நம் மாணவர் அறிவர். வரிவசூல் தலைவனாகிய அவன் மனம் மாறியபொழுது, தன் உடைமையிற் பாதியை ஏழைகட்கு ஈவதாகக் கூறியதோடு நில்லாது, பிறரை ஏய்த்துக் கொண்டதை நாலத்தனையாகத் திரும்பத் தருவதாகவும் கூறினான். வேலு நாயக்கர் முன்னதைச் செய்தார், பின்னதைச் செய்திலர். ஈகை அவரிடம் இருந்தது. திரும்பக் கொடுத்தல் இல்லை. கேல்கரின் குடும்பத்திற்குப் பொருள் அளித்தார். தந்தையை அளித்தல் அவரால் ஆகாது. அத்திரும்பக் கொடுத்தலின்மையே ஈற்றில் அம்மகனின் கையில் துப்பாக்கியாயிற்று. இரக்கம் பிறப்பிப்பதும், இரக்கத்தின் எல்லையைக் காட்டுவதும் ஆகிய இரண்டையும் அப்படம் செய்கின்றது. முதலதை மட்டும் கண்டு கைதட்டுவோரும், முதலதை மட்டும் கண்டு கண்டிப்போரும் பாதிப் படத்தையே கண்டவராவர்.

ஆகவே, வழிவந்த படமொன்றை மதிப்பிடப் புகும் மாணவர் நான்கு வினாக்களைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வாராக. முதலாவது, இது தன் வழியைக் கூறிற்றா? இரண்டாவது, மூலத்தினின்று எதனை விட்டது, எதனைச் சேர்த்தது? மூன்றாவது, அம்மாற்றம் இந்நிலத்தின் வாழ்விலிருந்து பிறந்ததா, அன்றி உடைமாற்றம் மட்டுமா? நான்காவது, கண்டு வெளிவருவோன் நெஞ்சில் எதனை விட்டுச் செல்கின்றது? இந்நான்கினுள் முதலாவதில் 'நாயகன்' தோற்றது. இரண்டிலும் மூன்றிலும் வென்றது. நான்காவதன் தீர்ப்புக் காண்போரின் கையில் உள்ளது. இவ்வினாக்கள் படத்திற்கு மட்டும் உரியன அல்ல. பரீட்சைக்கெழுதும் கட்டுரைக்கும், ஆராய்ச்சி மாணவர் அளிக்கும் ஏட்டிற்கும், இந்நாளிற் கணிப்பொறியின் உதவியால் நொடியில் உருவாகும் எழுத்திற்கும் இவை உரியனவே.

உளுந்தூர்பேட்டையை அடுத்த உளுந்தாண்டார்கோயிலைப் பற்றி வழங்கும் தலக்கதையொன்றுண்டு. மிளகு மூட்டைகளோடு சென்ற வணிகன் ஒருவன், சிறிது மிளகு வேண்டி வந்த முதியவரிடம், தன் மூட்டைகளில் உள்ளது உளுந்தென்று பொய் கூறினான். சந்தையில் அவிழ்த்துப் பார்க்க, மிளகெல்லாம் உளுந்தாகவே இருந்தது என்பர். பொருள் அவனுடையதே, விலையும் உயர்ந்ததே, இருந்தும் உள்ளதை மறைத்தமையால் அதன் மதிப்பை இழந்தான். பிறரிடமிருந்து பெற்ற நற்பொருளை இன்னாரிடம் பெற்றேன் என்று கூறி வழங்குவோனுக்கு அத்தகைய இழப்பு இல்லை. நம் மாணவர் எழுதும் ஒவ்வோர் ஏட்டின் முகப்பிலும் 'வழி' தெளிவாய் நிற்குமாக; அதற்கப்பால் அவர்தம் சொந்த விளைவும் நிறைந்து நிற்குமாக.